அம்மா குள்ளம்னா குழந்தை சீக்கிரமே பொறந்துடுமா?

கேள்வி: என் உயரம் 148 செ.மீ., வீட்டுக்காரர் 180. எனக்கு இப்ப 5ஆம் மாசம். "அவர் உயரத்துக்கு குழந்தை பெருசா வளரும், உன் வயித்துல இடம் பத்தாது, எட்டாம் மாசமே பொறந்துடும்"னு ஆளாளுக்கு சொல்றாங்க, ராத்திரி தூக்கமே வரல. மொத ஸ்கேன்ல ஒரு பிரசவ தேதி குடுத்தாங்க, இப்ப எடுத்ததுல அதுக்கு 6 நாள் முன்னாடி போட்ருக்கு. எதை நம்பறது?

பதில்: மொதல்ல நிம்மதியா தூங்குங்கம்மா. அவங்க சொல்றதுல துளி உண்மை இருக்கு, ஆனா அந்த துளியை எட்டாம் மாசம் வரைக்கும் இழுத்துட்டாங்க, அதான் எனக்கு கோவம் வருது.

சுவீடன்ல லட்சத்துக்கும் மேல அம்மாக்களோட கணக்கை எடுத்து பார்த்ததுல, உயரம் 1 செ.மீ. குறைஞ்சா கர்ப்பகாலம் சராசரியா 0.2 நாள் குறையுதுன்னு தெரிஞ்சுது. அப்படின்னா உங்களை விட 15 செ.மீ. உயரமான பொண்ணுக்கும் உங்களுக்கும் வித்தியாசம் சுமார் 3 நாள், அவ்வளவுதான். குறைப்பிரசவ வாய்ப்பு குள்ளமானவங்களுக்கு கொஞ்சம் கூடுதல்ங்கறது நெசம், ஆனா பெரும்பாலானவங்களுக்கு 37 வாரம் தாண்டித்தான் பிரசவம் ஆகுது.

2015ல வந்த இன்னொரு ஆய்வு எனக்கு ரொம்ப பிடிச்சது. பின்லாந்து, டென்மார்க், நார்வேல 3,485 அம்மா–குழந்தை ஜோடிகளோட மரபணுவை பார்த்தாங்க. அம்மாவோட உயர மரபணுக்கள்ல பாதிதான் குழந்தைக்கு போகும், மீதி பாதி அம்மா உடம்போடவே நின்னுடும் இல்லையா, குழந்தையோட நீளமும் எடையும் பெரும்பாலும் அந்த போன பாதியை பொறுத்து இருந்துச்சு, ஆனா எத்தனை நாள்ல பொறக்குதுங்கறதுல போகாத பாதிக்கும் பங்கு இருந்துச்சு. அதாவது குழந்தை பொறக்கற நாளை அம்மாவோட உடம்பே ஓரளவு தீர்மானிக்குது. அப்பாவோட உயரம் குழந்தையோட சைஸ்ல தெரியும், அதுக்காக உங்க வயித்துல இருந்து அதை முன்கூட்டியே வெளிய தள்ளிடாது.

இப்ப அந்த 6 நாள் விஷயம். மொத மூணு மாசத்துல எல்லா குழந்தையும் கிட்டத்தட்ட ஒரே வேகத்துலதான் வளரும், அதனால அப்ப தலையில இருந்து பிட்டம் வரைக்கும் அளந்து சொல்ற தேதிதான் நம்பகமானது. அஞ்சாம் மாசம் ஆகறப்ப ஒவ்வொரு குழந்தையோட சொந்த சைஸ் எட்டிப் பார்க்க ஆரம்பிக்கும், கொஞ்சம் பெரிய குழந்தையா இருந்தா மெஷின் அதுக்கு வயசும் கூடன்னு கணக்கு போட்டு தேதியை முன்னாடி தள்ளிடும். அதனால மொத ஸ்கேன் தேதியே உங்க தேதி. அதுவும் ஒரு மதிப்பீடுதான், சொன்ன நாள்லயே பொறக்கற குழந்தை நூத்துல நாலஞ்சுதான்.

உயரத்தை விட பெரிய விஷயங்கள் இருக்கு: முன்னாடி குறைப்பிரசவம் ஆனது, இரட்டைக் குழந்தை, புகை, தொற்று, பிரஷர், கர்ப்பப்பை வாய் குட்டையா இருக்கறது. இதுல எதாவது உங்களுக்கு இருக்கான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. தண்ணி கசிஞ்சாலோ, ரத்தம் பட்டாலோ, விட்டு விட்டு வலி வந்தாலோ, அசைவு குறைஞ்சாலோ எந்த மாசமா இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு கிளம்பிடுங்க. அடுத்த செக்கப்புக்கு போறப்ப அந்த மொத ஸ்கேன் ரிப்போர்ட்டையும் மறக்காம எடுத்துட்டு போங்கம்மா.