ஆங்கிலத்தில் ஒரு சொல், ஸ்பானிஷில் நாலு: எதை எடுப்பது?

கேள்வி: ஆங்கிலம் வழியாக ஸ்பானிஷ் படிக்கிறேன். அகராதியில் 'டைம்', 'டேக்', 'ஆஸ்க்' என்று எதைத் தேடினாலும் நாலைந்து சொற்கள் வருகின்றன. முதலில் இருப்பதை எழுதினால் பாதி தப்பாகிறது. எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: அகராதியைத் திறக்கும் முன் வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். ஆங்கிலம் ஒரே சொல்லில் அடைத்ததைத் தமிழ் பல இடங்களில் ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கிறது. நேரம் இல்லை என்றால் 'தியெம்போ', மணி என்ன என்றால் 'ஓரா', மூன்று தடவை என்றால் 'வெஸ்', பன்மையில் 'வெஸெஸ்'. 'ப்ளே'யும் அப்படித்தான்: பந்து விளையாட 'ஹுகார்', கிட்டார் வாசிக்க 'தொகார்'.

'டேக்' இன்னும் பெரிய குடும்பம். பஸ் பிடிக்க 'தொமார்', ஒருவரை அழைத்துப்போக 'யெவார்', போட்டோ எடுக்க 'ஸகார்', இருபது நிமிடம் ஆகும் என்பதற்கு 'தர்தார்'. அகராதி 'கொஹேர்' என்றும் காட்டும். ஸ்பெயினில் பஸ் பிடிக்க அன்றாடம் சொல்வது அதைத்தான். மெக்ஸிகோவிலும் அர்ஜென்டினாவிலும் அது உடலுறவைக் குறிக்கும் கொச்சை. எந்த நாட்டவரோடு பேசப்போகிறோம் என்று தெரியாதவரை 'தொமார்' போதும்.

தமிழே காலை வாரும் இடங்களும் உண்டு. மோசமானது 'கேள்'. வழி கேட்டால், விவரம் கேட்டால் 'ப்ரெகுந்தார்'. உதவியோ, தண்ணீரோ, ஹோட்டலில் பில்லோ கேட்டால் 'பெதீர்'. பதிலாகக் கிடைப்பது தகவலா, இல்லை பொருளோ செயலோ என்று பாருங்கள். தகவல் என்றால் முதலாவது. இன்னொன்று: 'கேள்வி' என்ற சொல்லையும் சேர்த்து 'கேள்வி கேட்டேன்' என்பதற்கு 'ப்ரெகுந்தார்' வராது, 'அஸேர் ஊனா ப்ரெகுந்தா'தான், அதாவது கேள்வி 'செய்வது'.

'தெரியும்' அடுத்தது. நீச்சல் தெரியும், பதில் தெரியும்: 'ஸபேர்'. ஒரு ஆளையோ ஊரையோ தெரியும்: 'கொனொஸேர்', அதுவும் ஆள் என்றால் பெயருக்கு முன் 'ஆ' சேர்த்து, 'கொனொஸ்கோ ஆ மரியா' என்று. இறந்தகாலத்தில் பொருளே நகரும்: 'ஸூபே' என்றால் தெரியவந்தது, 'கொனொஸீ' என்றால் முதன்முதலாகச் சந்தித்தேன்.

மீன் விஷயம் எளிது. நீந்துவது 'பெஸ்', பிடித்துச் சமைப்பது 'பெஸ்காதோ'. ஆனால் வாள்மீன் தட்டிலும் 'பெஸ் எஸ்பாதா'வாகவே இருக்கும், பெயர் அப்படி.

இனி அகராதி. கிடைத்த ஸ்பானிஷ் சொல்லைத் திருப்பிப் போட்டு ஆங்கிலத்தில் தேடுங்கள். நீங்கள் நினைத்த பொருள் வராவிட்டால் அடுத்த சொல்லுக்குப் போங்கள். பிறகு ஸ்பானிஷ் அரச அகாடமியின் அகராதியில் (இணையத்தில் இலவசம்) பாருங்கள். பொருளுக்கு முன் நாட்டுப் பெயரின் சுருக்கம் இருந்தால் அந்தப் பொருள் அங்கே வழங்குவது. மொழிபெயர்ப்பு ஆப்பில் தனிச்சொல்லைத் தட்டாமல் முழு வாக்கியத்தைக் கொடுங்கள். நோட்டிலும் 'டைம் = தியெம்போ' என்று எழுதாதீர்கள்; 'கே ஓரா எஸ்' என்று வாக்கியமாக எழுதி, பக்கத்தில் 'மணி என்ன' என்று குறியுங்கள்.