பழைய சுருட்டா, புதுச் சுருட்டா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நாங்கள் சிகார் பிடிக்கும் நண்பர்கள் ஐந்து பேர். ஒருவரிடம் 2014 முத்திரை போட்ட கியூபா சிகார் பெட்டி இருக்கிறது. அதே பிராண்டு, அதே அளவை இன்னொருவர் போன மாதம் துபாயிலிருந்து வாங்கி வந்தார். ஒரே சாயங்காலத்தில் இரண்டையும் பிடித்துப் பார்த்தோம். பழையது சப்பென்று இருக்கிறது, புதியதுதான் ஜோர் என்று மூன்று பேர் சொன்னார்கள், மற்ற இரண்டு பேர் ஒத்துக்கொள்ளவே இல்லை. யார் சொல்வது சரி?
(வாசகர், அண்ணா நகர், மதுரை)

பதில்: ஐந்து பேரையும் குறை சொல்ல மாட்டேன், நீங்கள் வைத்த பரீட்சைதான் சரியில்லை. பெட்டியின் அடியில் இருக்கும் முத்திரை, ஸ்பானிஷ் மாதப் பெயரின் மூன்று எழுத்தும் வருடத்தின் கடைசி இரண்டு எண்ணும், எப்போது பெட்டியில் அடைத்தார்கள் என்பதை மட்டும்தான் சொல்லும். அதற்குப் பிறகு அந்தப் பெட்டி எங்கே கிடந்தது, எத்தனை அக்னி நட்சத்திரத்தைப் பார்த்தது என்பதெல்லாம் அதில் இருக்காது. உங்கள் நண்பர் பீரோவில் துணிக்கு நடுவே வைத்திருந்தார் என்றால் அது வயதான சிகார் இல்லை, வெறுமனே காய்ந்த சிகார். இலையில் இருக்கிற எண்ணெய்ச் சத்து ஒருமுறை போய்விட்டால், ஈரத்தைத் திரும்ப ஏற்றலாமே தவிர வாசனையைத் திரும்ப ஏற்ற முடியாது. பழைய அரிசிக்கு நாம் கூடுதல் விலை கொடுக்கிறோம் என்பதற்காக வண்டு விழுந்த பழைய அரிசியை யாராவது வாங்குவோமா?

புதியதுக்கும் ஒரு சங்கடம் உண்டு. சுருட்டிப் பெட்டிக்குள் போன பிறகும் இலை உள்ளே மெல்லப் புளித்துக்கொண்டேதான் இருக்கும், அந்தச் சமயத்தில் லேசாக அம்மோனியா நெடி அடிக்கும், மூக்கில் சுருக்கென்று ஏறும். சில மாதங்கள் ஓய்வு கொடுத்தால் அடங்கிவிடும். அப்புறம் எல்லா சிகாருக்கும் பத்து வருடம் தேவையும் இல்லை. காட்டமான கலவைகள் வருடம் ஏற ஏற மென்மையாகும், ஏற்கனவே மென்மையானவை அதே பத்து வருடத்தில் தேய்ந்து காணாமல் போகும். அந்த மூன்று பேர் சப்பென்று சொன்னது இதனால்கூட இருக்கலாம்.

சரி, மறுபடி எப்படிச் செய்வது? முதலில் இரண்டு பெட்டியிலிருந்தும் ஆளுக்கு ஒவ்வொன்றாக எடுத்து ஒரே டப்பாவுக்குள், 65 சதவீத ஈரப்பதத்தில், ஒரு மாதமாவது சேர்த்து வைக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் நீங்கள் ஒப்பிடுவது வயதை இல்லை, ஈரத்தை. பிறகு பிடிக்கப் போகாத ஒருவரை விட்டு மேலே சுற்றியிருக்கும் லேபிளைக் கழற்றச் சொல்லுங்கள், 2014 என்று தெரிந்த நிமிடமே நாக்கு மரியாதை கொடுக்க ஆரம்பித்துவிடும். ஒரே சாயங்காலத்தில் இரண்டு வேண்டாம், இரண்டாவதாகப் பிடிப்பது எதுவானாலும் நாக்கு மரத்துப்போய், நிகோடினும் ஏறி, வேறு மாதிரிதான் தெரியும். வேறு வேறு நாளில் வையுங்கள். அதிலும் பாதிப் பேர் பழையதையும் மீதிப் பேர் புதியதையும் முதல் நாளில் பிடித்து அடுத்த முறை மாற்றிக்கொள்ளட்டும். நடுவில் வெறும் தண்ணீர் போதும், ஜிகர்தண்டாவைக் குடித்துவிட்டு ருசி பார்த்தேன் என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன். ஒன்றையே சுற்றி விட்டு ஆளுக்கு நாலு இழுப்பு இழுப்பதும் ஒப்பீடு ஆகாது. முதல் மூன்றில் ஒரு பங்கும் கடைசிப் பங்கும் ஒரே ருசியில் இருப்பதில்லை, எச்சில் விவகாரம் தனி.

கேள்வி: ஹியூமிடாரில் (சிகாரை ஈரப்பதத்தோடு வைக்கும் பெட்டி) இருக்கிற ஈரப்பத மீட்டர் 70 காட்டுகிறது. ஆனால் சிகாரைத் தொட்டால் மேல் இலை நொறுங்குகிறதே?
(வாசகர், திருமங்கலம்)

பதில்: மீட்டர் பொய் சொல்கிறது. பெட்டியோடு இலவசமாக வரும் முள் மீட்டர்களை நான் நம்புவதே இல்லை. சோதிப்பதற்குச் சமையல் உப்பு போதும். சோடா பாட்டில் மூடியில் உப்பை நிரப்பி, சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் கெட்டியாகக் குழையுங்கள், கரைந்து ஓடக் கூடாது. மூடியையும் மீட்டரையும் ஜிப் கவருக்குள் வைத்து மூடி, ராத்திரி முழுக்க விடுங்கள். அந்த உப்பு உள்ளே இருக்கும் காற்றை 75 சதவீதத்தில் நிறுத்தும். காலையில் மீட்டர் 90 காட்டினால் அது 15 கூட்டிச் சொல்கிறது, அதாவது உங்கள் 70 உண்மையில் 55. நொறுங்கின இலையை அவசரமாக ஈரமாக்காதீர்கள், உள்ளே இருக்கும் இலை உப்பி மேல் இலை வெடித்துவிடும். வாரக்கணக்கில் மெதுவாக ஏற்ற வேண்டும். ஃபிரிட்ஜில் வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். ஃபிரிட்ஜ் ஈரத்தை உறிஞ்சும், சாம்பார் வாசனையைக் கொடுக்கும்.

கேள்வி: எங்கள் ஊர்ச் சுருட்டை வைத்து வைத்துப் பிடித்தால் நன்றாக வருமா? வெளிநாட்டுச் சரக்குக்குத்தான் இந்த மரியாதையா?
(வாசகர், திண்டுக்கல்)

பதில்: ஸ்பென்சர் கம்பெனி தொழிற்சாலை வைத்துச் சுருட்டு செய்த ஊர்க்காரர் கேட்க வேண்டிய கேள்விதான்! புகையிலை ஆராய்ச்சி நிலையமும் பக்கத்தில் வேடசந்தூரிலேயே இருக்கிறது. முழு இலையைப் பாடம் பண்ணிச் சுருட்டியது எதுவானாலும் வைத்தால் கொஞ்சம் மாறும். ஆனால் நம் ஊரில் சுருட்டு கருப்பசாமி படையலுக்குப் போகும், இல்லாவிட்டால் வாங்கிய அன்றே தீரும். அதனால் கடையில் காகிதக் கட்டில் திறந்தபடி கிடக்கிறது, நம் கைக்கு வரும்போதே காய்ந்திருக்கிறது. ஒரு கட்டு வாங்கிப் பாதியை டப்பாவில் 65 சதவீதத்தில் இரண்டு மாதம் போட்டுவிட்டு, பிறகு கடையில் புதிதாக ஒன்று வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தொண்டையில் கமறுவது குறைந்திருந்தால் உங்களுக்கே தெரியும்.

கேள்வி: பழையது மென்மை என்றால் கெடுதலும் குறைவுதானே?
(வாசகர், மேலூர்)

பதில்: இல்லை. நெடிதான் குறைகிறது, நிகோடின் போய்விடுவதில்லை. புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் வாய்ப் புற்று, தொண்டைப் புற்று ஆபத்து உண்டு.

கேள்வி: பழைய பெட்டியைத் திறந்தால் சிகார் மேல் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. விற்றவர் இது நன்றாக வயதானதற்கு அடையாளம் என்கிறார்.
(வாசகர், தெற்கு மாசி வீதி, மதுரை)

பதில்: விற்கிறவர் வேறு என்ன சொல்வார்? பெரும்பாலும் அது பூஞ்சைதான், பஞ்சு மாதிரி திட்டுத் திட்டாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். பற்ற வைக்கும் முனையில், இலைகளுக்கு நடுவிலும் வெள்ளை தெரிந்தால் தூக்கிப் போடுங்கள். கூடவே ஊசியால் குத்தியது போல ஓட்டை இருக்கிறதா, பெட்டியில் தூள் கொட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் புகையிலை வண்டு. நம் ஊர் வெயிலில் முட்டை சுலபமாகப் பொரிந்துவிடும். மீதி இருப்பதைக் காற்றுப் புகாத கவரில் போட்டு மூன்று நாள் ஃபிரீசரில் வைத்து, ஒரு நாள் ஃபிரிட்ஜின் கீழ்த் தட்டில் விட்டு, அப்புறம்தான் வெளியே எடுக்க வேண்டும். அதுவரை அந்தப் பெட்டியை மற்றவற்றோடு சேர்க்காதீர்கள், பணத்தையும் திருப்பிக் கேளுங்கள்.