முழு செட் வாங்குமுன் நாற்காலியின் உயரத்தை அளந்துவிடுங்கள்

கேள்வி: முதன்முறையாக இரண்டாம் வகுப்புக்குப் பொறுப்பேற்கிறேன். 32 பிள்ளைகள். பள்ளி தரும் தொகை மிகக் குறைவு. சுவர் சார்ட்டுகள், அலமாரி, கற்றல் பொருட்கள் எல்லாம் சேர்த்து ‘முழு செட்’டாகத் தருகிறேன் என்று ஒரு விற்பனையாளர் தினமும் போன் செய்கிறார். வாங்கலாமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: வாங்காதீர்கள். செட்டில் என்ன இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அவர், நீங்கள் அல்ல. அவரிடம் விற்காமல் தேங்கிக் கிடப்பதுதான் அதில் முதலில் ஏறும். ‘இந்த வாரம் மட்டும் தள்ளுபடி’ என்பார். அடுத்த வாரமும் அதையேதான் சொல்வார்.

கையில் இருக்கும் பணத்தில் முதல் பங்கு, பிள்ளைகள் உட்காரும் இடத்துக்கு. பழைய மேசை நாற்காலி இருந்தால் புதிது தேவையில்லை, உயரம் பொருந்தினால் போதும். ஐரோப்பியத் தர அளவின்படி 119 முதல் 142 செ.மீ. உயரமுள்ள பிள்ளைக்கு இருக்கை 35 செ.மீ., மேசை 59 செ.மீ. அதைவிடச் சிறிய பிள்ளைக்கு 31, 53. உங்கள் வகுப்பில் இரண்டு ரகமும் இருக்கும். டேப்பெல்லாம் அப்புறம், பிள்ளையை உட்காரவைத்துப் பாதத்தைப் பாருங்கள். முழுப் பாதமும் தரையில் படிய வேண்டும். கால் தொங்கினால் பிள்ளை முன்னால் சறுக்கும், நெளியும், எழுந்து நிற்கும். ‘சேட்டை’ என்று பெயர் வாங்கும்.

மர நாற்காலி 4 செ.மீ. அதிக உயரமா? சமதளத்தில் நிறுத்துங்கள். 4 செ.மீ.க்குச் சற்றே குறைந்த தடிமனுள்ள கட்டையின் மேல் பென்சிலை அதன் முனை 4 செ.மீ. உயரத்தில் இருக்கும்படி படுக்கவைத்து, கட்டையைத் தரையோடு தள்ளிக்கொண்டே நான்கு காலையும் சுற்றிக் கோடு போட்டு அறுங்கள். ஒவ்வொரு காலாக டேப் வைத்து அளந்து அறுத்தால் நாற்காலி ஆடும். அறுத்த முனைக்கு ரப்பர் மூடி. அறுக்க முடியாத இரும்பு நாற்காலிக்குக் காலடியில் ஒரு பலகை போதும். பழைய பெயின்ட்டை மட்டும் உலர உரசாதீர்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், அந்தத் தூசி பிள்ளைகளுக்கு விஷம்.

அலமாரியில்தான் ஏமாற்று அதிகம். ‘மரம்’ என்று விற்கப்படுவது பெரும்பாலும் பார்ட்டிகிள் போர்டு, அதாவது பசையிட்டு அழுத்திய மரத்தூள் பலகை. மேலே பளபளவென்று இருக்கும். கவிழ்த்து, மூடாத விளிம்பைப் பாருங்கள்: தூள்தூளாகத் தெரிந்தால் அதுதான். தரை துடைக்கும் ஈரம் கீழ்விளிம்பில் ஏறி உப்பும். கீல் ஒருமுறை கழன்றால் அதே துளையில் ஸ்குரு மறுபடி பிடிக்காது. வேறு வழியில்லை என்றால் கதவில்லாததாக, 5 செ.மீ. கால் வைத்ததாக வாங்குங்கள். எந்த அலமாரியானாலும் சுவரோடு திருகி மாட்டுங்கள். பிள்ளைகள் தட்டுகளை ஏணியாக்குவார்கள். கொட்டேஷனில் ‘உயர்தரம்’ என்று எழுதித் தந்தால் திருப்பிக் கொடுங்கள். பலகையின் வகை, தடிமன், இருக்கை உயரம் எல்லாம் எண்ணாக எழுதப்பட்டிருக்க வேண்டும். காட்டிய மாதிரி ஒன்று, வந்து இறங்குவது வேறு என்ற கதைக்கு இது ஒன்றுதான் தடுப்பு. முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். நடுவில் யாருக்குக் கமிஷன் போகிறது என்பது உங்களுக்கே தெரியும். அந்தக் கமிஷனும் உங்கள் 32 பிள்ளைகளின் பென்சில் காசுதான்.

சுவருக்கு வருவோம். சார்ட்டுகளுக்கு ஒரு காசும் வேண்டாம். கார்னெகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், மழலை வகுப்புப் பிள்ளைகளை அலங்காரம் நிறைந்த அறையிலும் வெற்றுச் சுவர் அறையிலும் மாற்றி மாற்றி உட்காரவைத்துப் பாடம் நடத்தினார்கள். கவனம் சிதறிய நேரம் அலங்கார அறையில் ஏறக்குறைய 39 சதவீதம், வெற்று அறையில் 28 சதவீதம். ஆனாலும் பார்வையிட வருபவர்கள் சார்ட்டுகளைத்தான் எண்ணிவிட்டுப் போகிறார்கள். எந்தப் பிள்ளையாவது அதைப் படிக்கிறதா என்று கேட்பதில்லை. கரும்பலகைச் சுவரை வெறுமையாக விடுங்கள். அந்த வாரப் பாடத்துக்கானதை மட்டும் பக்கச் சுவரில், பிள்ளையின் கண்மட்டத்தில், 5 செ.மீ. உயர எழுத்தில் நீங்களே எழுதி ஒட்டுங்கள். லேமினேஷன் வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் பட்டால் பாதி வகுப்புக்குப் பளபளப்பு மட்டுமே தெரியும்.

பொருட்களைப் பிள்ளைக்கு ஒன்றாக வாங்காதீர்கள். நால்வருக்கு ஒரு குழு என்றால் எட்டுக் குழு, எட்டு டப்பா. ஒவ்வொன்றிலும் 6 பென்சில், 2 அழிப்பான், 2 கத்தரிக்கோல், ஒரு பசைக்குச்சி. பென்சில் துருவியை டப்பாவில் வைத்தால் நாள் முழுக்கத் துருவிக்கொண்டே இருப்பார்கள். உங்கள் மேசையில் ‘கூர்’, ‘மொட்டை’ என்று இரண்டு தகரக் குவளை வையுங்கள். மொட்டையைப் போட்டுவிட்டுக் கூரை எடுத்துக்கொள்ளட்டும். துருவும் வேலை மாலையில் இருவருக்கு. எண்ணுவதற்குக் குழுவுக்கு 110 ஐஸ் குச்சி: பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்ட 9 கட்டு, உதிரி 20. ஒன்றுகள் இடத்தில் ஒன்பதையும் ஒன்பதையும் கூட்ட 18 உதிரி வேண்டும். பத்தோடு நிறுத்தினால் கணக்கு நடுவில் நிற்கும். டப்பாக்கள் எல்லாம் ஒரே அளவில் இருக்கட்டும், இல்லையென்றால் மூடி தேடியே பாடவேளை போகும்.

ஒரே ஒரு விதிவிலக்கு, ஆனால் இதை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை: இடக்கைப் பிள்ளைகள். பத்தில் ஒருவர் என்று வைத்தால் உங்கள் வகுப்பில் மூவர் இருக்கலாம். இருவர் மேசையில் அவர்களை இடப்பக்க ஓரத்தில் உட்காரவையுங்கள். வலப்பக்கம் உட்கார்ந்தால் இருவர் முழங்கையும் மோதும். ‘இடிக்கிறான்’ என்ற புகார் அங்கிருந்துதான் வருகிறது. நோட்டை வலப்பக்கம் சாய்த்து வைக்கச் சொல்லுங்கள், எழுதியதைக் கையே மறைக்காது. எழுதுபலகை பொருத்திய நாற்காலி என்றால் பலகை எந்தப் பக்கம் என்று பார்க்காமல் வாங்காதீர்கள். அவை பெரும்பாலும் வலக்கைக்கானவை. கத்தரிக்கோலில் இன்னொரு தந்திரம் உண்டு. ‘இரண்டு கைக்கும் ஆகும்’ என்று விற்பார்கள். பிடி மட்டும்தான் இரண்டு கைக்கும், அலகு வலக்கைக்கானதே. இடக்கையில் பிடித்தால் அலகுகள் விலகி, தாள் வெட்டுப்படாமல் மடங்கும். அசல் இடக்கைக் கத்தரியில் மேலே வரும் அலகு இடப்பக்கம் இருக்கும். அதில் நான்கு வாங்கி, பிடியில் நிற டேப் சுற்றிவிடுங்கள்.

மூன்றில் ஒரு பங்கு பணத்தைத் தொடாமல் வையுங்கள். எது உண்மையில் குறைகிறது என்பது நான்காவது வாரத்தில்தான் தெரியும். அலுவலகத்தில் ‘இந்தக் கணக்காண்டுக்குள் செலவழிக்காவிட்டால் திரும்பிப் போய்விடும்’ என்பார்கள். பத்து மாதம் கோப்பில் தூங்கிய பணத்துக்குக் கடைசி வாரத்தில் மட்டும் இந்த அவசரம். அப்படி நெருக்கினால் வெள்ளைத்தாளும் பென்சிலும் வாங்கிப் பில்லைப் போட்டுவிடுங்கள். அடுத்த ஆண்டும் தேவைப்படும்.