தொடர் இருப்பு முறையில் நிறையேற்றிய சராசரியை எப்போது, எப்படிக் கணிப்பது?

கேள்வி இதுதான்: வெவ்வேறு விலைக்குச் சரக்கு வாங்கி, இடையிடையே விற்றும் வந்தால் சராசரியை எப்போது போடுவது? கடைசியில் ஒரே தடவையாகப் போட்டால் வேறு விடை வருகிறதே?

புறக்கோட்டை மொத்த வியாபாரக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். தொடர் முறை என்றால் ஒவ்வொரு கொள்வனவையும் விற்பனையையும் நடந்த உடனேயே இருப்புக் கணக்கில் பதிவது. நிறையேற்றிய சராசரி என்பது மொத்தப் பெறுமதியை மொத்த அளவால் வகுத்தால் வருவது. தொடர் முறையில் ஒவ்வொரு கொள்வனவுக்கும் புதுச் சராசரி வரும். விற்பனைக்கு வராது. அந்த நேரத்தில் என்ன சராசரி நிற்கிறதோ, அதிலேயே சரக்கு வெளியே போகும்.

மைசூர் பருப்பை எடுத்துக்கொள்வோம். ஆரம்ப இருப்பு 400 கிலோ, கிலோ 280 ரூபா, பெறுமதி 1,12,000. அடுத்து 600 கிலோ 300 ரூபாவுக்கு வாங்குகிறீர்கள். லொறிக் கூலியும், மூட்டை சுமக்கும் நாட்டாமைமாரின் கூலியும் சேர்த்து 3,000. ஆக 1,83,000. இப்போது கையில் 1,000 கிலோ, பெறுமதி 2,95,000, சராசரி 295.

700 கிலோ விற்றால் விற்பனைக் கிரயம், அதாவது விற்ற சரக்கின் அடக்கவிலை, 2,06,500. மிச்சம் 300 கிலோ, 88,500. சராசரி அதே 295தான். பிறகு கூலி எல்லாம் உட்பட 315 ரூபாவுக்கு 500 கிலோ வருகிறது, 1,57,500. மொத்தம் 800 கிலோ, 2,46,000. புதுச் சராசரி 307.50. அதில் 400 கிலோ விற்றால் கிரயம் 1,23,000. இறுதி இருப்பும் 400 கிலோ, 1,23,000. மொத்த விற்பனைக் கிரயம் 3,29,500.

இதையே கடைசியில் ஒரே தடவையாகப் போட்டால் 4,52,500ஐ 1,500ஆல் வகுக்க வேண்டும். 301.67 வரும். விற்பனைக் கிரயம் 3,31,833, இறுதி இருப்பு 1,20,667. 2,333 ரூபா வித்தியாசம் எங்கிருந்து வந்தது? முதலில் விற்ற 700 கிலோவின் தலையிலும், அப்போது கடைக்கே வந்திராத 315 ரூபாச் சரக்கின் விலை ஏறிவிட்டது. இரண்டும் வெவ்வேறு முறைகள், இரண்டிலும் கணக்குப் பிழை இல்லை. ஆனால் விலை வேகமாக மாறும் காலத்தில் தொடர் முறைதான் நடந்ததைக் காட்டும். 2022 மார்ச்சில் டொலர் ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து கிளம்பி மே மாதத்தில் 360ஐத் தொட்டதே, அந்த மாதங்களில் பெப்ரவரி விற்பனையோடு மே மாத விலையைக் கலந்திருந்தால் எந்த மாதம் இலாபம், எந்த மாதம் நட்டம் என்றே தெரிந்திருக்காது.

பழைய சராசரி 295ஐயும் புது விலை 315ஐயும் கூட்டி இரண்டால் வகுத்து 305 என்று எழுதாதீர்கள். அளவு வேறு வேறாக இருக்கும்போது அது பொருந்தாது. எப்போதும் மொத்தப் பெறுமதியை மொத்த அளவால் வகுங்கள். இருப்பு அட்டையில் பெறுமதி நிரலை முழுதாகக் கொண்டுபோங்கள். தசமத்தை வெட்டிய சராசரியால் திரும்பத் திரும்பப் பெருக்கினால் சில்லறை வித்தியாசம் சேர்ந்துகொண்டே போகும்.

சரக்கைக் கடைக்குக் கொண்டுவரும் செலவு கிரயத்தில் சேரும். களஞ்சிய வாடகை பொதுவாகச் சேராது. மீளப் பெறக்கூடிய பெறுமதி சேர் வரியும் சேராது. வழங்குநருக்குத் திருப்பி அனுப்பும் சரக்கு, வாங்கிய விலையிலேயே வெளியே போகும். அதனால் சராசரி மாறும். இலங்கைக் கணக்கீட்டு நியமம் 2 நிறையேற்றிய சராசரியையும் முதலில் வந்தது முதலில் போகும் முறையையும் ஏற்கிறது. கடைசியில் வந்தது முதலில் போகும் முறைக்கு அங்கே இடமில்லை. சந்தை விலை விழுந்து, விற்றாலும் கிரயம் தேறாது என்றால், தேறக்கூடிய பெறுமதிக்கு இருப்பைக் குறைத்துக் காட்ட வேண்டும்.

நடைமுறையில் என்னை அதிகம் வாட்டுவது பதிவின் வரிசை. நான்காம் குறுக்குத் தெருவில் விடியமுன் லொறி வரும். நாட்டாமைமார் மூட்டை இறக்கி முடிப்பதற்குள் பாதிச் சரக்கு விலைப்பட்டுவிடும். வழங்குநரின் பற்றுச்சீட்டோ பின்னேரம்தான் மேசைக்கு வரும். விற்பனை முதலில் பதிவாகிவிட்டால் மென்பொருள் பழைய சராசரியில் கிரயத்தை எடுத்துவிடும். சில நேரம் இருப்பே மறைப் பெறுமானத்துக்கு, அதாவது பூச்சியத்துக்குக் கீழே, போய்விடும். அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு சராசரியும் கோணல்தான். ஆகவே சரக்கு இறங்கியதும் அளவையும் பேசிய விலையையும் பதிந்துவிடுங்கள். பற்றுச்சீட்டு வந்த பிறகு விலையைத் திருத்தலாம். இருப்பு இல்லாமல் விற்பனையைப் பதிய விடாத ஓர் அமைப்பு பல மென்பொருள்களில் உண்டு. அதை முதல் நாளே போட்டுவையுங்கள்.