71 டிகிரியா, 88 டிகிரியா, கழற்றியே விடலாமா?

வேலூர் வாசகர் ஒருவரின் கேள்வி: "2004 மாடல் இண்டிகா டீசல் வைத்திருக்கிறேன். மதிய வெயிலில் சிக்னலில் நின்றால் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது. ஓட ஆரம்பித்தால் இறங்கிவிடுகிறது. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் 71 டிகிரி தெர்மோஸ்டாட் போட்டால் சூடே ஏறாது என்கிறார்கள். மெக்கானிக்கோ, நம்ம ஊர் வெயிலுக்கு அது எதற்கு, கழற்றிப் போடுங்கள் என்கிறார். எதைக் கேட்பது?"

இரண்டையும் கேட்காதீர்கள், ஐயா. தெர்மோஸ்டாட் என்பது, இஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் மூடி வைத்திருக்கும் வால்வு. கம்பெனி போட்ட வால்வின் உலோகத்தில் ஓர் எண் பொறித்திருக்கும். புதிதாக வாங்குவதும் அதே எண்ணாக இருக்கட்டும். பழைய டீசல்களில் பெரும்பாலும் 82 அல்லது 88 இருக்கும். ஏற்கெனவே யாராவது மாற்றியிருப்பார்களோ என்று சந்தேகம் இருந்தால் சர்வீஸ் மேனுவலைப் பாருங்கள். அந்த மேனுவலைக் காசு கொடுத்து வண்டி வாங்கியவர் கையில் தராமல் பூட்டி வைக்கும் வழக்கம்தான் இத்தனை குழப்பத்துக்கும் வேர்.

அந்த எண், வால்வு திறக்க ஆரம்பிக்கும் சூடு. அதிலிருந்து 10, 15 டிகிரி ஏறுவதற்குள் முழுசாகத் திறந்துவிடும். உங்கள் முள் சிவப்பை நெருங்கும் நேரத்தில் 71-ம் திறந்துதான் இருக்கும், 88-ம் திறந்துதான் இருக்கும். இஞ்சின் எந்தச் சூட்டுக்குக் கீழே போகக்கூடாது என்பதை மட்டுமே வால்வு பார்த்துக்கொள்கிறது. நின்றால் ஏறி, ஓடினால் இறங்குகிறது என்றால் ஃபேனைப் பாருங்கள். சூடேறியதும் சுற்றுகிறதா? ரேடியேட்டர் இடுக்குகளில் தூசியும் பூச்சியும் அடைத்திருக்கிறதா? போர் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருந்தால் உள்ளே உப்பும் படிந்திருக்கும்.

டீசல் இஞ்சினுக்குச் சூடு பற்றாவிட்டால் டீசல் சரியாக எரியாது. புகை வரும், மைலேஜ் குறையும், எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி இஞ்சின் ஆயிலில் கலக்கும். பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் லைனரும் தேயும். இந்தச் சேதம் முள்ளில் தெரியாது. புகைச் சோதனை செய்யுமிடங்கள் பலவற்றில் இஞ்சின் சூடாகிவிட்டதா என்றுகூடக் கேட்பதில்லை. சான்றிதழ் மட்டும் கைக்கு வந்துவிடுகிறது. அங்கே கேட்டிருந்தால் பாதி வண்டிகளின் நோய் அன்றே பிடிபட்டிருக்கும்.

கழற்றுவதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. ராத்திரி நேரம், நெடுஞ்சாலை, வால்வு மூடியபடியே இறுகிவிட்டது, பக்கத்தில் கடை இல்லை. அப்போது கழற்றிவிட்டு மெதுவாக ஊர் வந்து சேரலாம். அதற்கும் முன்பு இஞ்சினை நன்றாக ஆறவிட வேண்டும். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும். கழற்றிய வால்வைத் திருப்பிப் பாருங்கள். ஸ்பிரிங்குக்குக் கீழே இரண்டாவதாக ஒரு சின்னத் தட்டு இருந்தால் இந்த விலக்கும் உங்களுக்கு இல்லை. வால்வு திறக்கும்போது அந்தத் தட்டுதான் பைபாஸ் வழியை மூடும். அது இல்லாவிட்டால் தண்ணீரில் பெரும்பகுதி ரேடியேட்டருக்குப் போகாமல் இஞ்சினுக்குள்ளேயே சுற்றி வரும். சூட்டைக் குறைக்கக் கழற்றி, ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடு) போன வண்டிகளை நிறையப் பார்த்துவிட்டேன். தட்டு இல்லாத வகையென்றாலும் அந்த ஒரு பயணத்தோடு சரி; மறுநாள் புது வால்வு மாட்டிவிடுங்கள்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். ஓட்டிப் பார்க்கும்போது முள் ஏறக்கூடாது என்பதற்காகவே வால்வைக் கழற்றி வைத்திருக்கும் புரோக்கர்கள் இருக்கிறார்கள். பத்துக் கிலோமீட்டர் ஓட்டியும் முள் அடியிலேயே கிடந்தால், "பாருங்க சார், எவ்வளவு கூலா ஓடுது" என்பதை நம்பி அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். அந்த வண்டியில் ஏதோ மறைக்கப்படுகிறது.

புது வால்வைப் பொருத்துவதற்கு முன் வீட்டிலேயே சோதித்துவிடலாம். நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியில் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிட்டு, ஒரு தெர்மாமீட்டரோடு அடுப்பில் வையுங்கள். பொறித்த எண்ணுக்குப் பக்கத்தில் திறக்க ஆரம்பித்தால் சரக்கு நல்லது. 70-இலேயே வாயைப் பிளந்தாலோ, தண்ணீர் கொதித்தும் அசையாவிட்டாலோ கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். எண்ணே பொறிக்காத வால்வு என்றால் பில் போடுவதற்கு முன்பே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.