எரிந்த வரைபடமும் எட்டு போட்டோவும்

கேள்வி: சார், இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியரின் ரகசியச் செய்திகளை உடைக்க உதவிய கொலோசஸ் மெஷினை இங்கிலாந்தில் பிளெட்ச்லி பார்க்கில் புதிதாகச் செய்து வைத்திருக்கிறார்களாம். அசல் போய்விட்டது, இது நகல்தானே? பார்வைக்கு ஒரு மாதிரி போதாதா, ஓடவும் வேண்டுமா?
- வாசகர், கோவிந்தாபுரம்

பதில்: கட்டாயம் ஓட வேண்டும். முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ரிலே என்கிற மின் சுவிட்சுகளைத் துடைத்தவன் சொல்கிறேன்.

கொலோசஸைச் செய்த டாமி ஃபிளவர்ஸும் டெலிபோன்காரர்தான். லண்டன் டாலிஸ் ஹில்லில் தபால் துறை ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தவர். 1944 தொடக்கத்தில் முதல் மெஷின் வேலைக்கு வந்தது. போருக்குப் பிறகு பெரும்பாலான கொலோசஸ் மெஷின்களைப் பிரித்துப் போட்டார்கள். 1960-ல் வரைபடங்களையும் அழிக்க உத்தரவு. அவரே உலையில் போட்டு எரித்தார். நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது.

1993-ல் டோனி சேல் என்ற இன்ஜினியர் நகல் செய்யும் வேலையை ஆரம்பித்தபோது கையில் இருந்தவை 1945-ல் எடுத்த எட்டு போட்டோ, பழைய இன்ஜினியர்கள் விதியை மீறிப் பத்திரப்படுத்திய சில சர்க்யூட் காகிதங்கள். நல்லவேளை, செய்தியைத் துளைகளாகப் பதித்த காகித நாடாவை வெளிச்சம் பாய்ச்சிப் படிக்கும் பகுதியை அன்று வடிவமைத்த ஆர்னால்ட் லிஞ்ச் உயிரோடு இருந்தார். அதை அவரே மறுபடி வடிவமைத்துக் கொடுத்தார். நொடிக்கு 5,000 எழுத்து படிக்கிற பகுதி அது! பன்னிரண்டு வருஷம் தள்ளிப்போயிருந்தால் கேட்க அவர் இல்லை. 1996-ல் மெஷினை ஓட்டிக் காட்டியபோது ஃபிளவர்ஸும் வந்திருந்தார். முழு வேலையும் முடிய 2007 ஆனது.

எங்கள் பக்கம் வாளையாற்றுக் கணவாய்க் காற்று வீசும் மாதங்களில், எவ்வளவு மூடினாலும் ரிலே காண்டாக்டில், அதாவது மின்சாரம் பாய ஒன்றையொன்று தொடும் முனைகளில், தூசி ஏறிவிடும். பர்னிஷர் என்று ஒரு மெல்லிய எஃகுத் தகடு உண்டு. அதை இரண்டு காண்டாக்டுக்கும் நடுவில் விட்டு, லேசாக அழுத்தி, இரண்டே இழுப்பு. அழுத்தம் கூடினால் ஸ்பிரிங் வளைந்து அழைப்பு தவறும். அந்த 'லேசாக' எவ்வளவு என்பதை என் சீனியர் என் விரலைப் பிடித்துத்தான் காட்டினார். கண்ணாடிப் பெட்டிக்குள் சும்மா நிற்கிற மாதிரிக்கு அந்த விரல் வேண்டாம். ஓடுகிற மெஷினுக்கு வேண்டும்.

நான் வேலை பார்த்த இடத்தில் பழைய ரேக்குகளை எடைக்குப் போட்டார்கள். அழைப்பை இணைக்கும் செலக்டர் ஒன்றையாவது எடுத்து வைக்கக் கெஞ்சினேன். தரவில்லை.

கேள்வி: ஜெர்மானியரின் எனிக்மா ரகசியக் குறியீட்டை உடைத்த அந்தக் கொலோசஸ் மெஷினில் 2,400 வால்வாமே (பல்பு போன்ற கண்ணாடிக் குழாய்), தினமும் பழுதாகாதா?
- கல்லூரி மாணவி, கொழிஞ்சாம்பாறை

பதில்: எனிக்மாவுக்கு உதவியது பாம்ப் என்கிற வேறு மெஷினம்மா. அதையும் ஜான் ஹார்ப்பர் குழு திரும்பச் செய்திருக்கிறது. கொலோசஸ் இறங்கியது பன்னிரண்டு சக்கரங்கள் கொண்ட லோரன்ஸ் என்கிற ஜெர்மன் ரகசியக் குறியீட்டு மெஷின் மீது. வால்வு பற்றி உன் சந்தேகம் அன்றைய பெரியவர்களுக்கும் இருந்தது. போட்டுப் போட்டு அணைத்தால்தான் வால்வு போகும், அணைக்காமல் விட்டால் தாங்கும் என்பது ஃபிளவர்ஸுக்கு டெலிபோன் அனுபவத்தில் தெரியும். அதனால் அணைக்காமலே வைத்திருந்தார்கள்.