மழைநீரின் பி.எச். மாடிக் குழாயில் 6.1, பைன் தோப்பில் 4.9: எதை நம்புவது?

கேள்வி: கொடைக்கானல் அருகே எங்கள் வீட்டு மொட்டைமாடிக் குழாயில் பிடித்த மழைநீரின் பி.எச். (அமிலத்தைக் காட்டும் எண்; குறையக் குறைய அமிலம் அதிகம்) 6.1. பக்கத்துப் பைன் தோப்பில் வாளி வைத்துப் பிடித்ததில் 4.9. இது அமில மழை, தோட்டத்துக்கு வடிகட்டி வேண்டும் என்கிறார் ஒரு முகவர். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். இரண்டுமே மழையின் எண்கள் அல்ல. மாடியின் சிமென்ட் அமிலத்தை முறித்து எண்ணை ஏற்றிவிடும். தோப்பிலோ ஊசியிலைகளில் படிந்திருந்த கந்தக, நைட்ரஜன் சேர்மங்களும் இலையில் ஊறும் அங்கக அமிலங்களும் சேர்ந்து இறங்கி எண்ணைக் குறைக்கும். கரியமில வாயு மட்டும் கரைந்த சுத்தமான மழைக்கே 5.6தான்.

சில ஆய்வுக்கூடங்கள் மழைநீரையும் குடிநீர்ப் படிவத்திலேயே போட்டுத் தருகின்றன. அதில் வரம்பு 6.5 முதல் 8.5 வரை, சுத்தமான மழைகூடத் தேறாது. மழைக்கென்று தனிப் படிவம் அச்சடிக்க இவர்களுக்கு என்ன தடை? அந்தத் தாளைக் காட்டித்தான் வியாபாரம் நடக்கிறது. சிலர் டி.டி.எஸ். மீட்டரை நீட்டி ‘அமிலம்’ என்பார்கள். அது காட்டுவது கரைந்த உப்பை.

நீங்களே பிடியுங்கள். 20 செ.மீ. வாயுள்ள பிளாஸ்டிக் புனல், அடியில் பாட்டில், கழுத்தில் நைலான் வலை. சோப்பு வேண்டாம், காய்ச்சி வடித்த நீரில் அலசுங்கள். தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில், பக்கத்து மரத்தின் உயரத்தைப்போல் இரு மடங்கு தள்ளி வையுங்கள். ஒரு மி.மீ. மழைக்குச் சுமார் 31 மி.லி. சேரும். தோப்புக்குள் ஒரு புனல் போதாது. சொட்டு இடத்துக்கு இடம் மாறும். குறைந்தது ஐந்து புனல் வையுங்கள், அடிமரத்தை ஒட்டி வேண்டாம். பறவை எச்சம் விழுந்ததைக் கொட்டிவிடுங்கள்.

பி.எச். மீட்டரை அன்றே, 4.01, 7.00 என்று பி.எச். குறித்து விற்கும் கரைசல்களில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மழைநீரில் உப்பு மிகக் குறைவு. எண் நகர்ந்துகொண்டே இருக்கும். கலக்காமல் ஐந்து, பத்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். பி.எச். தாளை நம்பாதீர்கள், தாளின் சாயமே இந்த நீரின் எண்ணை மாற்றிவிடும். சராசரியிலும் கவனம்: பி.எச். ஒன்று குறைந்தால் அமிலம் பத்து மடங்கு என்பதால், 4-க்கும் 6-க்கும் நடு 5 அல்ல, 4.3.

உங்கள் ஊரில் பனிமூட்டம்தான் பெரிய சிக்கல். மழையே இல்லாத நாளிலும் ஊசியிலைகள் மூட்டத்தைப் பிடித்துச் சொட்டவிடும். மூட்டத்துளியில் மழையைவிட அமிலமும் உப்பும் செறிவாக இருப்பது வழக்கம். வெளிப் புனல் காலியாக இருந்து தோப்புப் புனலில் நீர் இருந்தால் அது மழையே அல்ல. தனிப் பாட்டிலில், தனித் தேதியிட்டு வையுங்கள். மழையும் மூட்டமும் ஒரே நாளில் வந்திருந்தால் பிரிக்க முடியாது, அந்த நாளை ஒப்பீட்டில் சேர்க்காதீர்கள்.

வெட்டவெளிப் புனலில் நான்கைந்து மழைக்குத் தொடர்ந்து 5-க்குக் கீழே வந்தால் மட்டும் சல்பேட், நைட்ரேட் சோதனைக்குக் கொடுங்கள். தோட்டத்துக்கு முதலில் பார்க்க வேண்டியது மண்ணின் பி.எச்.